டிசைன் புரொஜெக்ட் குழுவுக்கு நெறிமுறைப் பத்திரம்: உண்மையில் எதை எழுத வேண்டும்?

கரைச்சி_மாணவி:
வணக்கம். பொறியியலில் மூன்றாம் வருட டிசைன் புரொஜெக்ட், குழுவில் 5 பேர், 15 கிழமை. கிளிநொச்சிப் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றுக்குச் சோலர் பம்ப். வேலை தொடங்க முன்னம் குழுவே தனக்கு ஒரு நெறிமுறைப் பத்திரம் எழுதி எல்லாரும் கையெழுத்து வைக்க வேண்டும். தேடிப் பார்த்தால் "நேர்மையாக நடப்போம், ஒருவரையொருவர் மதிப்போம், மக்களின் பாதுகாப்பை முதலில் வைப்போம்" என்ற வசனங்கள்தான் வருகின்றன. 9ஆம் கிழமை கணக்குச் சரிவராமல் நிற்கும்போது, அல்லது ஒருவர் வேலைக்கே வராதபோது, இந்த வசனங்களை வைத்து என்ன செய்யலாம்? பயன்படுகிற மாதிரி எழுத வழி சொல்லுங்கோ.

இரணைமடு_கட்டு:
தங்கச்சி, நல்ல கேள்வி. இது ஏன் பாடத்தில் இருக்கிறது என்பதை முதலில் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்கிற வோஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இல் முழு உறுப்பினரானது. அதில் பட்டதாரிக்கு இருக்க வேண்டிய தகைமைகளில் நெறிமுறையும் குழு வேலையும் தனித்தனியாக இருக்கின்றன. ஆனபடியால் புள்ளிக்காக எழுதுகிற வசனம் எப்போதும் வரும். அதை ஒரு பந்தியில் முடித்துவிடுங்கோ.

மிச்சப் பத்திரம் முழுவதும் ஒரு விஷயத்தில் நிற்கட்டும்: ரிப்போர்ட்டில் வருகிற ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஆள் பொறுப்பு, அது எங்கிருந்து வந்தது என்பது எழுத்தில். மாணவர் குழுக்களில் பெரிய பொய்யை ஒருவரும் திட்டம் போட்டுச் சொல்வதில்லை. ஆளில்லாத எண் ஒன்று ஷீட்டுக்குள் வந்து இருந்துவிடும். பிறகு ஐந்து பேரும் அதை நம்புவார்கள்.

உங்கட பம்பையே எடுப்போம். ஒரு நாளைக்கு 10 கனமீற்றர் தண்ணீர், அதைத் தூக்க வேண்டிய மொத்த உயரம் 10 மீற்றர் என்று வையுங்கோ. தண்ணீருக்குப் போகிற சக்தி 9.81 × 10 × 10 ÷ 3.6 (புவியீர்ப்பு × கனமீற்றர் × உயரம், கிலோஜூலை வாட்-மணியாக்க 3.6ஆல் பிரித்தது), அதாவது ஏறக்குறைய 272 வாட்-மணி. பம்பும் மோட்டரும் சேர்ந்த திறன் 35 வீதம் என்றால் 778 வாட்-மணி வேண்டும். நல்ல வெயில் 5 மணித்தியாலம், வயர், தூசி, சூடு எல்லாத்துக்கும் 0.8 என்று போட்டால் பனல் 195 வாட் வரும். இப்போது யாரோ ஒருவர் திறனை 55 வீதம் என்று மாற்றுகிறார் என்று வையுங்கோ. பனல் 124 வாட்டுக்கு இறங்கும், பட்ஜெட் சரிவரும், எல்லாருக்கும் சந்தோசம். 55 எங்கிருந்து வந்தது? கற்றலொக்கில் பம்பின் மிகச் சிறந்த புள்ளியில் போட்டிருந்த எண். உங்கட கிணற்றில் அந்தப் பம்ப் அந்தப் புள்ளியில் ஓடப் போவதில்லை.

இதைவிட மோசமானது உயரம். கிணற்றைத் தை மாதத்தில் போய் அளந்தால் மாரி மழை முடிந்த கையோடு தண்ணீர் மேலே நிற்கும். மொத்த உயரம் 4 மீற்றர் என்று வரலாம். அதே கணக்கில் 78 வாட் பனல் காணும். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் இறங்கி உயரம் 10 மீற்றராகும்போது, அதாவது தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டிய நேரத்தில், பம்ப் போதியளவு இறைக்காது. அளந்தவர் பொய் சொல்லவில்லை. அளந்த திகதியை எழுதாததுதான் பிழை. அதனால் பாதிக்கப்படுவது கமக்காரர், குழு இல்லை.

ஆகவே ஒரு எடுகோள் ஷீட் வையுங்கோ. நிரல்கள்: எண், அலகு, அளந்ததா, கற்றலொக்கா, ஊகமா, திகதி, போட்டவர், சரிபார்த்தவர். போட்டவரும் சரிபார்த்தவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஊகம் என்று எழுத வெட்கப்படத் தேவையில்லை. ஊகத்தை அளந்ததாகக் காட்டுவதுதான் குற்றம்.

மாங்குளம்_சந்தி:
ஷீட் நல்லதுதான். ஆனால் இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷீட் என்று போனால் 15 கிழமையும் பேப்பர் நிரப்பியே முடிந்துவிடும். இரண்டாம் கிழமையோடு ஒருவரும் நிரப்பமாட்டார்கள், கடைசிக் கிழமை எல்லாத்தையும் ஒரே இரவில் நிரப்புவார்கள். அப்படி நிரப்பின ஷீட் இல்லாததைவிடக் கேடு.

இரணைமடு_கட்டு:
உண்மை. அதனால் மூன்றுக்கு மேல் வேண்டாம்: எடுகோள் ஷீட், மாற்றச் சீட்டு, காசுப் புத்தகம். எல்லாம் ஒரே கூகிள் ஷீட்டில் மூன்று தாளாக இருக்கட்டும். அதில் திருத்த வரலாறு தானாகவே பதியும். ஒரே இரவில் நிரப்பினால் அந்த வரலாற்றிலேயே தெரியும்.

பனங்காமம்_பட்டறை:
மாற்றச் சீட்டைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் உயிர் போகிற பிழை பெரும்பாலும் அங்கேதான்.

1981 ஜூலை 17, அமெரிக்காவில் கன்சாஸ் சிற்றியில் ஹயற் ரீஜென்சி ஹோட்டலில் இரண்டு தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் செத்தார்கள். முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து ஒரே நீளத் தண்டு இறங்கி நான்காம் மாடி நடைபாதையையும் இரண்டாம் மாடி நடைபாதையையும் தாங்கியது. அவ்வளவு நீளத்துக்குத் திருகு வெட்டுவது கரைச்சல் என்று தண்டை இரண்டாக்கினார்கள். கீழ்ப் பாதை இப்போது மேல்ப் பாதையின் பீமிலிருந்து தொங்கியது. அதனால் மேல் பீமுக்குக் கீழேயிருந்த நட்டில் சுமை இரட்டிப்பானது. மாற்றம் வரைபடத்தில் ஏறியது, ஒப்புதல் முத்திரையும் விழுந்தது, அந்த இணைப்பை மறுபடி கணித்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இப்போது உங்கட பனல் ஸ்டாண்டுக்கு வருவோம். ஊர்ப் பட்டறையில் வெல்டிங் செய்கிறவர் "தம்பி, இந்தக் காலைக் கொங்கிறீற்றில புதைக்கத் தேவையில்லை, கீழே தகடு அடிச்சு வைப்பம், பிறகு இடம் மாத்தலாம்" என்பார். அனுபவசாலி. அவர் சொல்வதில் பல நேரம் உங்கட வரைபடத்தைவிட நல்ல யோசனை இருக்கும். ஆனால் காற்றுக்குக் கணக்குப் பாருங்கோ. 1.2 சதுர மீற்றர் பனல், செக்கனுக்கு 30 மீற்றர் காற்று, அதாவது மணிக்கு 108 கிலோமீற்றர். அமுக்கம் 0.5 × 1.2 × 30 × 30 = 540 பாஸ்கல். சாய்ந்த பனலுக்குக் குணகம் 1.3 என்று எடுத்தால் தூக்கு விசை 840 நியூட்டன் அளவு வரும். 86 கிலோ எடைக்குச் சமன். பனலும் ஸ்டாண்டும் சேர்த்து 35 கிலோகூட வராது. தகடு வைத்த ஸ்டாண்ட் பறந்து போய் யார் வீட்டுக் கூரையில் விழும் என்பதுதான் கேள்வி.

சீட்டில் மூன்று வரி போதும்: என்ன மாறியது, ஏன், எந்தக் கணக்கை மறுபடி செய்தோம். மூன்றாவது வரி வெறுமையாக இருந்தால் பட்டறையில் வேலை தொடங்கக் கூடாது. அதோடு, யோசனை பட்டறைக்காரருடையது என்றால் ரிப்போர்ட்டின் நன்றியுரையில் மட்டும் போடாமல், அந்த வரைபடத்துக்குக் கீழேயே அவரின் பங்கை எழுதுங்கோ. பெயர் போடச் சம்மதமா என்று கேட்டுவிட்டு.

கரைச்சி_மாணவி:
மிக்க நன்றி. பரிசோதனைத் தரவைப் பற்றி ஒரு கேள்வி. ஐந்து தடவை அளந்து ஒன்று மட்டும் மற்றவையோடு ஒத்துவராவிட்டால் அதை எடுத்துவிடலாமா? அப்படித்தான் சில லாப் குறிப்புகளில் இருக்கிறது.

செட்டிகுளம்_அளவி:
எடுக்கிறதுக்கான காரணத்தை அளக்க முன்னமே எழுதி வைத்திருந்தால் எடுக்கலாம். அளந்த பிறகு காரணம் தேடினால் எடுக்கக் கூடாது.

உங்கட பம்பில் இது எப்படி வரும் என்று பாருங்கோ. 20 லீற்றர் வாளியை நிரப்ப எடுத்த நேரம்: 41, 43, 42, 58, 42 செக்கன். 58ஐ எடுத்துவிட்டால் சராசரி 42 செக்கன், நிமிடத்துக்கு 28.6 லீற்றர். அழகான எண். ஆனால் 58 ஏன் வந்தது? முகில் வந்து மறைத்த நேரம். அந்த நேரம் நிமிடத்துக்கு 20.7 லீற்றர்தான் வந்திருக்கிறது. சோலர் பம்புக்கு முகில் என்பது அளவுப் பிழை இல்லை, அது பம்ப் வேலை செய்கிற நிலைமைகளில் ஒன்று. அந்த எண்ணை எறிந்தால் கமக்காரரிடம் முகிலே இல்லாத கிளிநொச்சியை விற்கிறீர்கள்.

ஆகவே ஒவ்வொரு வாளிக்கும் பக்கத்தில் நேரம், வெயிலின் அளவு, பனலின் வோல்ட், அம்பியர் எழுதுங்கோ. வெயில் அளக்கிற கருவி இல்லாவிட்டால் பனலின் குறுக்குச் சுற்று அம்பியரை அளந்தால் அது வெயிலோடு ஏறக்குறைய நேர்விகிதத்தில் போகும். ஐந்து எண்ணும் பிற்சேர்க்கையில் இருக்கட்டும். மூல அளவை எழுதின கொப்பியைப் படம் எடுத்து அன்றைக்கே டிரைவில் போடுங்கோ. சுத்தமாக எழுதிப் போடுகிறேன் என்று பழைய தாளைக் கிழிக்க வேண்டாம்.

நெடுங்கேணி_அக்கா:
ஒருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிற அறிவியல் நகரில் படிக்கிற குழுக்களில் தமிழ், சிங்களம், முஸ்லிம் பிள்ளைகள் கலந்துதான் இருப்பார்கள். பாடம் ஆங்கிலத்தில். ஆனால் நாலு பேர் தமிழ் என்றால் வட்ஸ்அப் குறூப்பில் கதை தமிழிலேயே போகும். ஐந்தாவது பிள்ளைக்குப் பாதி விளங்காது. பிறகு "அவர் ஒன்றும் சொல்லவில்லை, சம்மதம்தான்" என்று எழுதுவார்கள். அது சம்மதம் இல்லை.

கதை எந்த மொழியிலும் நடக்கட்டும், ஹொஸ்டலில் தேத்தண்ணி குடிக்கும்போதும் நடக்கட்டும். முடிவு மட்டும் எல்லாருக்கும் விளங்குகிற மொழியில் ஷீட்டில் ஏறும் வரைக்கும் முடிவு இல்லை என்று பத்திரத்தில் எழுதுங்கோ. ஏறி 24 மணித்தியாலம் மறுப்புக்கு நேரம். மறுப்புச் சொன்னவரின் காரணமும் அங்கேயே இருக்கும், பிறகு அழிக்கக் கூடாது. 1986இல் வெடித்துச் சிதறின சலெஞ்சர் விண்வெளி ஓடத்தை ஏவுவதற்கு முதல் நாள் இரவு, ரொக்கெட் மூட்டை அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங் குளிரில் இறுகிவிடும் என்று ரோஜர் பொய்ஜோலியும் கூட இருந்த பொறியியலாளர்களும் எதிர்த்தார்கள். அந்த மறுப்பை மேலே இருந்தவர்கள் தள்ளிவைத்தார்கள். பொய்ஜோலி முந்தின வருடமே எழுதி வைத்த எச்சரிக்கைக் குறிப்பும் பொறியியலாளர்களின் சாட்சியமும் பிறகு விசாரணையில் உண்மையை வெளியே கொண்டுவர உதவின.

அடுத்தது, வேலைப் பங்கீடு. பெடியள் கிணற்றடிக்கும் பட்டறைக்கும் போவார்கள், பெட்டையள் ரிப்போர்ட் எழுதுவார்கள், பவர்பொயின்ட் செய்வார்கள். இது பழக்கமாக நடக்கிறது. வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், மோட்டரைப் பற்றிக் கேட்டால் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, புள்ளி குறையும். ஆகவே ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு களவேலை, ஒரு கணக்கு, ரிப்போர்ட்டில் ஒரு அத்தியாயம் என்று பத்திரத்திலேயே போடுங்கோ. களத்துக்குப் போவதற்கு வாகனமும் நேரமும் பொருந்தாவிட்டால் நேரத்தை மாற்ற வேண்டும், ஆளை மாற்றக் கூடாது.

மாங்குளம்_சந்தி:
இதை முழுதாக ஏற்கிறேன். வேலை செய்யாத ஆளுக்கு என்ன செய்வது? பெயரை வெட்டலாமா?

இரணைமடு_கட்டு:
பெயரை வெட்டுவது குழுவின் அதிகாரம் இல்லை. செய்யாத வேலைக்குப் பெயர் போடுவதும் குழுவின் உரிமை இல்லை. இடையில் ஒரு வழி இருக்கிறது. ரிப்போர்ட்டின் தொடக்கத்தில் யார் எந்த அத்தியாயம், எந்தக் கணக்கு, எந்தச் சோதனை என்று ஒரு அட்டவணை. எல்லாரும் அதில் கையெழுத்து. ஒன்றும் செய்யாதவருக்கு அங்கே வெறுமை. அதற்குப் புள்ளி போடுவது ஆசிரியரின் வேலை.

சகபாடி மதிப்பீடு இருந்தால்: ஒவ்வொருவரும் மற்ற நாலு பேருக்கும் 100 புள்ளியைப் பிரித்துக் கொடுப்பது. சமமாக வேலை செய்திருந்தால் ஒவ்வொருவருக்கும் மொத்தம் 100 வரும். குழுவுக்கு 72 என்றால், 100 எடுத்தவருக்கு 72. எடுத்த புள்ளியை 100ஆல் பிரித்தால் வருகிற காரணியைக் குழுப் புள்ளியோடு பெருக்க வேண்டும். அந்தக் காரணியை 0.8க்கும் 1.1க்கும் இடையில் மட்டுப்படுத்தினால், 64 எடுத்தவருக்கு 57.6, 116 எடுத்தவருக்கு 79.2.

செட்டிகுளம்_அளவி:
நடைமுறையில் எல்லாரும் எல்லாருக்கும் 25 போடுவார்கள். ஒரே அறையில் இருக்கிறவருக்குக் குறைத்துப் போட ஆருக்கு மனம் வரும்?

இரணைமடு_கட்டு:
சரிதான். அதனால் இரண்டு தடவை செய்ய வேண்டும். 5ஆம் கிழமை ஒன்று, புள்ளிக்கு எடுபடாதது, அந்த ஆளுக்கு மட்டும் காட்டுவது. 13ஆம் கிழமை மற்றது. 25இலிருந்து மேலேயோ கீழேயோ போனால் ஷீட்டிலிருந்து ஒரு திகதி, ஒரு வேலை ஆதாரமாகக் காட்ட வேண்டும். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வராத பிள்ளை சோம்பேறி என்று முடிவு கட்ட முதல் ஒருவர் தனியாகப் போய்க் கேளுங்கோ. வீட்டில் வருத்தம், பஸ்ஸுக்குக் காசில்லை, பின்னேரம் வேலைக்குப் போகிறது, இப்படிக் காரணம் இருந்தால் வேலையை மாற்றிக் கொடுக்கலாம். கேட்டது 4ஆம் கிழமைக்குள் நடக்க வேண்டும். 14ஆம் கிழமை கேட்பது குற்றம் சாட்டுவதற்குத்தான் உதவும்.

ஒட்டுசுட்டான்_தோட்டம்:
ஐந்து பேரைப் பற்றியே கதைக்கிறியள். கிணற்றுச் சொந்தக்காரர் ஆறாவது ஆள். அவர் பத்திரத்தில் எங்கே?

அவருக்குத் தமிழில் ஒரே ஒரு பக்கம் கொடுங்கோ. இது மாணவர் பரிசோதனை, எத்தனை மாதம் இருக்கும், பழுதானால் யார் வருவது, முடிந்த பிறகு பொருள் யாருடையது, எப்போது வேண்டுமானாலும் "கழட்டுங்கோ" என்று சொல்லலாம். வாசித்துக் காட்டி விளங்கினதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குங்கோ. அவரின் பழைய மண்ணெண்ணெய் வாட்டர் பம்பைக் கழற்றி ஓரமாக வைக்க விடாதேங்கோ. உங்கட சாமான் நின்றுபோனால் ஒரு கிழமைக்குள் மிளகாய்க் கன்று வாடிவிடும், பட்டம் எடுத்துப் போனவரால் அந்த நட்டத்தைத் தீர்க்க ஏலாது. உதிரிப்பாகம் கிளிநொச்சி ரவுணில் கிடைக்காத பம்பைத் தெரிவு செய்வதும் நெறிமுறைப் பிழைதான், வெறும் டிசைன் பிழை என்று தள்ள வேண்டாம்.

பாதுகாப்பில் மூன்று. கிணற்றுக்குள் மண்ணெண்ணெய் எஞ்சின் இறக்கி ஓட்டியிருந்தால் அன்றைக்கு ஒருவரும் உள்ளே இறங்கக் கூடாது. புகையில் இருக்கிற காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விழுந்தவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் சாவார். இரண்டாவது, பனலில் இருந்து வருவது டிசி (நேரோட்டம்). வீட்டுக்குப் போடுகிற ஏசி (ஆடலோட்ட) சுவிட்சைப் போட்டால் அணைக்கும்போது பொறி அணையாமல் நின்று எரியும். டிசிக்கென்று குறிப்பிட்ட பிறேக்கர் போடுங்கோ, விலை கூடவென்றாலும். மூன்றாவது வன்னிக்கே உரியது: புவித்தொடுப்புக் கம்பி அடிக்கவும் குழி வெட்டவும் முன்னம், அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்ததா என்று காணிக்காரரிடமும் கிராம அலுவலரிடமும் கேளுங்கோ. முகமாலைப் பக்கம், காட்டோரக் காணிகளில் இது கட்டாயம். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லை என்பது பாதுகாப்பு என்று ஆகாது.

எந்தச் சோதனையையும் யாரும் ஒரு சொல்லில் நிறுத்தலாம், காரணம் பிறகு சொல்லலாம். மறுபடி தொடங்க இரண்டு பேர் சம்மதம் வேண்டும் என்று எழுதுங்கோ.

வவுனியா_வடக்கு:
எங்கட குழுவின் தலைப்பு யானை வேலிக்கு எச்சரிக்கைக் கருவி. வேலிக்காரர் "உந்தச் சாமானை வீட்டுக் கரண்டிலயே நேராப் போட்டுத் தாங்கோ, யானை திரும்பி வராது" என்று கேட்டால் என்ன பதில்?

பனங்காமம்_பட்டறை:
முடியாது என்பதுதான் பதில், வேறு பேச்சு வேண்டாம். 230 வோல்ட்டை நேராகக் கொடுத்த வேலி யானையையும் கொல்லும், விடியப்புறம் வயலுக்குப் போகிற மனிசரையும் கொல்லும். சட்டப்படியும் குற்றம்.

காரணத்தையும் அவருக்கு விளக்குங்கோ. ஒழுங்கான வேலியில் எனர்ஜைசர், அதாவது வேலிக்கு மின் கொடுக்கிற பெட்டி, துடிப்பாகத்தான் மின்னைக் கொடுக்கும். இதற்கான சர்வதேசத் தரமான ஐஈசி 60335-2-76இன்படி ஒரு துடிப்பு 10 மில்லிசெக்கனுக்கு மேல் நீளக் கூடாது, இரண்டு துடிப்புக்கு இடையில் குறைந்தது 1 செக்கன், 500 ஓம் சுமையில் ஒரு துடிப்பின் சக்தி 5 ஜூலுக்குள். அந்த ஒரு செக்கன் இடைவெளியில்தான் பிடித்த கை விடுபடும். வீட்டுக் கரண்டில் அந்த இடைவெளியே இல்லை, தசை இறுகிப் பிடித்தபடியே நிற்கும். கையால் எனர்ஜைசர் செய்து பார்ப்போம் என்றும் குழு நினைக்கக் கூடாது. தரச் சான்று உள்ளதை வாங்கி, உங்கட வேலையை எச்சரிக்கைச் சுற்றோடு நிறுத்துங்கோ.

அவர் ஏற்கனவே அப்படிப் போட்டிருப்பதைக் கண்டால் அன்றைக்கே சுப்பவைசருக்கு எழுத்தில் அறிவியுங்கோ, வேலையை நிறுத்துங்கோ. களத்தில் கண்டதை வெளியில் சொல்லமாட்டோம் என்ற வாக்கு உயிராபத்துக்குப் பொருந்தாது. அதையும் பத்திரத்தில் முன்கூட்டியே எழுதி, கமக்காரருக்குக் கொடுக்கிற பக்கத்திலும் போடுங்கோ. அப்போதுதான் பிறகு காட்டிக்கொடுத்ததாக இராது.

மாங்குளம்_சந்தி:
காசைப் பற்றிச் சுருக்கமாக. வாங்கின அன்றைக்கே பில்லைப் படம் எடுத்துப் போடுங்கோ. தொகை எழுதாத வெறும் பில்லைக் கடைக்காரர் தந்தாலும் வாங்க வேண்டாம். மிஞ்சின சாமான் யாருக்கு என்பதை வாங்க முன்னமே முடிவெடுங்கோ.

சொப்ட்வெயர்: கள்ளக் கொப்பியில் வரைந்த படத்தை ரிப்போர்ட்டில் போடுவது குழு முழுவதையும் பிழையில் மாட்டும். ஃப்ரீகாட் (பொருள் வரைய), கைகாட் (மின்சுற்று வரைய) இரண்டும் இலவசம், இந்த அளவு வேலைக்குத் தாராளம். போன பட்சின் ரிப்போர்ட்டை வாசியுங்கோ, மேற்கோள் காட்டுங்கோ, பந்தியை வெட்டி ஒட்ட வேண்டாம். சட்ஜிபிடி எழுதின கோட் என்றால் எந்தப் பகுதி என்று கோட்டிலேயே குறிப்பு எழுதுங்கோ. வரி வரியாக விளக்க ஏலாத கோட்டை மோட்டரில் ஏற்றக் கூடாது.

கரைச்சி_மாணவி:
எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. எடுகோள் ஷீட்டில் 35 வீதம் என்று போட்டுவிட்டோம். மேற்பார்வை செய்கிறவரே "55 போடுங்கோ, பட்ஜெட்டுக்குள் முடியுங்கோ" என்று சொன்னால்? அவருக்கு எதிராக நிற்பது எங்களுக்கு லேசில்லை.

இரணைமடு_கட்டு:
எதிராக நிற்கத் தேவையில்லை, தங்கச்சி. அவருக்குத் தெரிந்த ஏதாவது இருக்கலாம், ஆகவே 55 எந்தப் பம்பின் எந்தப் புள்ளியில் வந்தது என்று மரியாதையாகக் கேளுங்கோ. அன்று பின்னேரமே ஒரு சின்ன மின்னஞ்சல்: "சேர், இன்று கதைத்தபடி 55 வீதத்துக்கு 124 வாட், எங்கள் எடுகோள் ஷீட்டின்படி 35 வீதத்துக்கு 195 வாட் வருகிறது. இரண்டையும் ரிப்போர்ட்டில் காட்ட அனுமதி தாருங்கோ." ஐந்து பேருக்கும் பிரதி. பட்ஜெட் 195க்குக் காணாது என்றால் எண்ணை மாற்றாமல் தண்ணீரைக் குறையுங்கோ. 124 வாட் பனலுக்கு 35 வீதத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6.4 கனமீற்றர் வரும். அந்த 6.4ஐக் கமக்காரருக்குக் கொடுக்கிற பக்கத்தில் எழுதி, எவ்வளவு தோட்டத்துக்குக் காணும் என்று அவரிடமே கேளுங்கோ.